கால் தெரிந்த படம்

ஆளைப் படம் எடுக்கும்போது காலை வெட்டக் கூடாது. இது எங்கள் வீட்டுச் சட்டம். அப்பா எடுக்கும் படங்களில் எல்லோரும் முழங்காலோடு முடிந்துபோயிருப்பார்கள். அவற்றை ஊருக்கு அனுப்பினால், அப்பாவின் அக்காவான மாமி அடுத்த கடிதத்தில் பிள்ளைகளுக்குக் கால் இருக்குத்தானே என்று கேட்டு எழுதுவார். அது போர்க்காலம். அந்தக் கேள்வி அங்கே பகிடி இல்லை. அதனால் அம்மா கமராவை என் கையில் தந்தபோது முதலில் சொல்லித் தந்த பாடம், தலையிலிருந்து பாதம்வரை கண்ணாடிக்குள் வரும்வரை பின்னுக்குப் போய்க்கொண்டே இரு என்பதுதான். எனக்கு அப்போது ஒன்பது வயது. வாய் திறக்காத பிள்ளை என்று பெயர் எடுத்திருந்தேன். அப்படிப்பட்ட பிள்ளைக்கும் வீட்டில் ஏதாவது ஒரு பொறுப்பு இருக்கட்டும் என்று நினைத்திருப்பார்கள்.

நாங்கள் ஹவுன்ஸ்லோவில் இருந்தோம். அப்பாவுக்கு விமான நிலையத்தில் ஷிப்ட் வேலை. எங்கள் வீட்டின் சின்ன அறையில் சித்தப்பா இருந்தார். அவர் யாழ்ப்பாணத்தில் மருத்துவம் படித்தவர். இரண்டாம் வருடத்தின் நடுவில் புத்தகங்களை மேசையிலேயே விட்டுவிட்டு வரவேண்டி வந்தது. லண்டனில் வார நாட்களில் ஒரு பெற்றோல் ஸ்டேஷனில் நின்றார். ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு பஸ் மாறி ரைஸ்லிப் பக்கம் இருந்த ஐரிஷ் மைதானத்துக்குப் போவார். அங்கே புல்லில் வெள்ளைக் கோடு போடுவது, வலை கட்டுவது, ஆட்டம் முடிந்ததும் மிதிபட்ட மண்ணை நிரவுவது எல்லாம் அவர் வேலை. அம்மாவுக்கு வேலை இருக்கும் ஞாயிறுகளில் என்னையும் கூட்டிக்கொண்டு போவார்.

ஐரிஷ்காரர்கள் தங்கள் ஊர் விளையாட்டுகளுக்கென்று வைத்திருந்த மைதானம் அது. ஒரு பக்கம் தகரக் கூரையின் கீழ் படி வரிசை. மற்றப் பக்கம் வெறும் புல் மேடு. வருடத்துக்கு ஒருமுறை அயர்லாந்திலிருந்தே ஒரு மாவட்ட அணி வரும்போது அந்த மேட்டில் நிற்க இடம் கிடையாது. மற்ற ஞாயிறுகளில் நூறு பேர் வந்தால் பெரிய கூட்டம். அங்கே இரண்டு விளையாட்டு நடக்கும். ஒன்று பந்தைக் கையிலும் எடுத்து ஓடும் ஒருவகை ஃபுட்போல். மற்றது ஹர்லிங். தட்டகப்பை போல நுனி தட்டையான மட்டையால் ஒரு சின்னத் தோல் பந்தை ஆகாயத்துக்கு அடிப்பார்கள். மட்டையும் மட்டையும் முட்டும் சத்தம் கார் நிறுத்தும் இடம்வரை கேட்கும். தலைக்குக் கவசம் போடாதவர்களும் அந்த நாளில் ஆடினார்கள்.

கோல் கம்பங்கள் இரண்டும் நெடுநெடுவென்று வானத்துக்குப் போகும். நடுவில் ஒரு குறுக்குக் கம்பம், அதன் கீழ் வலை. பந்து குறுக்குக் கம்பத்துக்கு மேலே போனால் ஒரு புள்ளி, கம்பத்தடியில் நிற்பவர் வெள்ளைக் கொடியைக் காட்டுவார். வலைக்குள் போனால் மூன்று புள்ளி, அதற்குப் பச்சைக் கொடி. வெளியே போனால் கொடி இல்லை. இரண்டு கையையும் தலைக்கு மேலே குறுக்காகப் பிடித்து, பிறகு விரித்துக் காட்ட வேண்டும். கொடி காட்டுகிறவர்கள் முழங்கால்வரை நீண்ட வெள்ளைக் கோட் போட்டிருப்பார்கள். நடுவர் தன் மகனையோ மச்சானையோ கூட்டிவந்து அந்தக் கோட்டை மாட்டிவிடுவது வழக்கம். ஒருநாள் நடுவரின் மச்சான் வரவில்லை. மைதானத்துக்குப் பொறுப்பாக இருந்த ஐரிஷ் கிழவர் வலை கட்டிக்கொண்டிருந்த சித்தப்பாவைப் பிடித்து இழுத்து, கோட்டைப் போட்டு, இரண்டு கொடியையும் கையில் கொடுத்துவிட்டார். அதன்பிறகு யாருடைய மச்சான் வராவிட்டாலும் சித்தப்பாதான்.

அந்த வருடம் மாமி ஊரிலிருந்து சித்தப்பாவுக்கு ஒரு சம்பந்தம் பேசினார். பெண் கொழும்பில் இருந்தார். பெண்ணின் தமையன் லண்டனில், ஸ்ட்ரெதத்தில். எல்லாம் பொருந்தியிருந்தது. மாமி ஒரே ஒரு சொல்லை மட்டும் கூடுதலாகச் சொல்லிவிட்டார். தம்பி லண்டனில் டொக்டர் என்று. சொன்னதோடு நிற்காமல், வெள்ளைக் கோட்டோடு ஒரு படம் உடனே அனுப்பும்படி எழுதியும்விட்டார்.

“அக்காவுக்கு விசரே?” என்று அப்பா கடிதத்தை மேசையில் எறிந்தார். “நீ எண்டாலும் மறுத்து எழுது.”

“எழுதுறன் அண்ணை” என்றார் சித்தப்பா. எழுதவில்லை. மாமி அனுப்பிய அந்தப் பெண்ணின் படத்தை அவர் பெற்றோல் ஸ்டேஷன் சட்டையின் உள்பையில் வைத்திருந்தார். அம்மா தோய்க்கும்போது அது அகப்பட்டது. அம்மா அதைத் துடைத்து அவர் தலையணைக்குக் கீழே வைத்துவிட்டு, ஒருவரிடமும் சொல்ல வேண்டாம் என்றார். ஒருவரிடமும் என்றால் அப்பாவிடம். நான் எப்படியும் சொல்லமாட்டேன்.

அடுத்த ஞாயிறு சித்தப்பா கமராவையும் எடுத்துவரச் சொன்னார். ஆட்டம் தொடங்குவதற்கு முன், கோட்டைப் போட்டுக்கொண்டு உடுப்பு மாற்றும் அறையின் வெள்ளைச் சுவரோரம் போய் நின்றார். கொடிகளைப் புல்லில் வைத்தார். கிழவரிடம் இரண்டு பேனை வாங்கி மேல்பையில் செருகிக்கொண்டார்.

“படத்திலை கொடி விழக்கூடாது பிள்ளை. இடுப்புவரைக்கும் எடுத்தால் காணும்.”

படச்சுருளில் ஒரே ஒரு படம்தான் மிச்சம் இருந்தது. நான் பின்னுக்குப் போனேன். இடுப்புவரை என்று அவர் சொன்னது காதில் விழுந்தது. ஆனால் ஊருக்குப் போகும் படம் அல்லவா? அங்கே கால் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அந்தச் சட்டம் சித்தப்பாவுக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டு, பாதம் வரும்வரை பின்னுக்குப் போய்ப் பொத்தானை அமத்தினேன்.

படம் கழுவி வந்தது. கொடி விழவில்லை. வெள்ளைச் சுவர், வெள்ளைக் கோட், இரண்டு பேனை, வாரிய தலை, எல்லாம் ஒரு டொக்டருக்கு உரியவை. கீழே முழங்கால்வரை சேறு அப்பிய கறுப்பு ரப்பர் பூட்ஸ்.

அம்மா கத்திரிக்கோலை எடுத்து நீட்டினார். “தம்பி, காலை வெட்டிப்போட்டு அனுப்புங்கோ.”

சித்தப்பா படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். “கிடக்கட்டும் அண்ணி” என்று சொல்லிவிட்டு, அப்படியே உறைக்குள் போட்டு ஒட்டினார். நான் நன்றாக எடுத்திருக்கிறேன் என்று அதற்கு அர்த்தம் வைத்துக்கொண்டேன்.

இரண்டு மூன்று மாதம் ஒன்றும் வரவில்லை. பிறகு பெண்ணின் தமையன் தொலைபேசி எடுத்து, வருகிற ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு மாப்பிள்ளையைப் பார்க்க வருவதாகச் சொன்னார். சித்தப்பா நான்கு மணிக்கே மைதானத்திலிருந்து வந்துவிடுவதாகத் திட்டம். தமையன் ஒரு மணிக்கு வந்து கதவைத் தட்டினார். தமிழ்க் கடைகளுக்கு மரக்கறி கொண்டுபோய்ப் போடுகிறவர் அவர். அன்று இந்தப் பக்கத்து வேலை வேளைக்கு முடிந்துவிட்டதாம். அப்பா ஷிப்டில். அம்மா வடைக்கு உழுந்து அரைத்த கையோடு கதவைத் திறந்தார்.

“வேளைக்கு வந்திட்டன், குறை நினைக்காதேங்கோ. மாப்பிள்ளை இல்லையோ?”

“டியூட்டிக்குப் போயிட்டார்.”

“எந்த ஆஸ்பத்திரி?”

அம்மா பொய் சொல்லிப் பழகாதவர். ஆஸ்பத்திரியின் பெயரைச் சொன்னால் அங்கே போய்விடுவாரோ என்று பயந்திருக்க வேண்டும். கையிலிருந்த மாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“ஆஸ்பத்திரி இல்லை. ஒரு கிரவுண்ட். அங்கை விளையாடுற பெடியளுக்கு அடிகிடி பட்டால் பாக்கிறதுக்கு...”

“நல்லதாப் போச்சு. விளையாட்டும் பாத்த மாதிரி. பிள்ளைக்கு வழி தெரியுமோ?”

வழி தெரிந்த ஒரே ஆள் நான்தான். அம்மா எனக்குக் கோட் போட்டுப் பொத்தான் பூட்டும் சாட்டில் குனிந்து, “வாயைத் திறக்காதை, என்ன?” என்றார். அதைவிடத் தேவையில்லாத கட்டளை அந்த வீட்டில் அதுவரை போடப்பட்டிருக்காது.

அவர் மரக்கறி ஏற்றும் வானுக்குள் வெங்காயம் மணத்தது. எத்தனையாம் வகுப்பு என்று கேட்டார். விரலால் காட்டினேன். சித்தப்பா உன்னோடு நல்ல மாதிரியோ என்று கேட்டார். தலையாட்டினேன். பஸ் போகும் வழி மட்டும்தான் எனக்குத் தெரியும். அதனால் ஒவ்வொரு பஸ் நிறுத்தத்தையும் சுற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்தோம். மனுசன் நான் கை காட்டிய பக்கமெல்லாம் வானைத் திருப்பினார். சித்தப்பா டொக்டர் இல்லை என்று இவருக்குத் தெரிந்தால் அந்தக் கலியாணம் இல்லை, அந்தப் பெண்ணின் படத்தைச் சித்தப்பா திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்பது எனக்கு விளங்கியிருந்தது. தலையணைக்குக் கீழே வேறு ஒன்றும் அவர் வைத்திருக்கவில்லை.

ஹர்லிங் ஆட்டம் இரண்டாம் பாதியில் இருந்தது. கம்பத்தடியில் சித்தப்பா வெள்ளைக் கோட்டோடு நின்றார். நாங்கள் அவருக்குப் பக்கவாட்டில், வேலியோரமாகப் போய் நின்றோம்.

“அது என்ன, காலடியிலை கொடி?” என்றார் தமையன்.

நான் புல்லைப் பார்த்தேன்.

அந்த நேரம் பார்த்துப் பந்து சித்தப்பாவின் பக்கம் வந்தது. மூன்று பேர் ஒன்றாகத் துள்ளினார்கள். மட்டை நெற்றியில் பட்ட சத்தம் எனக்குக் கேட்டது. பச்சைச் சட்டைக்காரன் ஒருவன் சித்தப்பாவிலிருந்து பத்தடி தூரத்தில் குப்புற விழுந்தான். நிமிர்த்தியபோது முகமெல்லாம் இரத்தம். சித்தப்பா ஒரு அடி முன்னுக்கு வைத்தார். பிறகு திரும்பிப் போய்த் தன் கம்பத்தடியிலேயே நின்றுகொண்டார். கிழவர்தான் வாளியும் பஞ்சும் ஒரு பையுமாக ஓடிவந்தார்.

“பிள்ளை, உவர் ஏன் போகேல்லை?”

நான் வாயைத் திறந்தேன்.

“அவர் சின்னக் காயத்துக்குப் போறேல்லை.”

“அப்ப?”

“பெரிய காயத்துக்குத்தான்.”

கிழவர் அந்தப் பெடியனின் தலையைச் சுற்றி வெள்ளைத் துணி கட்டிவிட்டார். அவன் எழுந்து, மட்டையை எடுத்துக்கொண்டு, ஒன்றும் நடக்காததுபோல ஓடத் தொடங்கினான். நான் சொன்னதற்கு அவனே சாட்சி சொன்ன மாதிரி இருந்தது. தமையன் மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவருக்குப் பெரிய இருமல் ஒன்று வந்தது. தோள் குலுங்கக் குலுங்க இருமினார். வெங்காயத் தூசியாக இருக்கும் என்று நினைத்தேன்.

ஆட்டம் முடியும் தறுவாயில் பச்சைச் சட்டைக்காரர்கள் ஒரு புள்ளி பின்னுக்கு இருந்தார்கள். அது கிழவரின் தங்கை மகன் ஆடும் அணி. சித்தப்பாவுக்கு அந்த மைதானத்தில் வேலை கொடுத்தவர் கிழவர். தலையில் துணி கட்டிய அதே பெடியன் தூரத்திலிருந்து ஓங்கி அடித்தான். பந்து கம்பத்தின் உச்சிக்கும் மேலாக, மேகத்துக்குள் போவதுபோலப் போனது. படி வரிசையில் இருந்த பச்சைத் தொப்பிகள் எல்லாம் எழுந்து கத்தின. மற்றக் கம்பத்தடியில் நின்றவர் சித்தப்பாவைப் பார்த்தார். பந்து போனது சித்தப்பாவின் கம்பத்துக்கு மேலே.

சித்தப்பா குனிந்து வெள்ளைக் கொடியை எடுக்கவில்லை. இரண்டு கையையும் தலைக்கு மேலே குறுக்காகப் பிடித்து, விரித்தார்.

அதுவரை அந்த மைதானத்தில் அப்படியொரு சத்தத்தை நான் கேட்டதில்லை. தொப்பிகள் வேலியோரம் வந்துவிட்டன. நடுவர் ஓடிவந்து சித்தப்பாவிடம் ஏதோ கேட்டார். சித்தப்பா மேலே விரலால் காட்டி, வெளியே என்று இன்னொருமுறை கையை விரித்தார். அப்போதுதான் வேலியோரம் நின்ற எங்களைக் கண்டார். முதலில் என்னை, பிறகு எனக்குப் பக்கத்தில் நின்றவரை. அவருடைய கை விரித்தபடியே கொஞ்ச நேரம் நின்றது.

நடுவர் ஊதலை ஊதினார். பச்சைச் சட்டை தோற்றது. கிழவர் என் கையைப் பிடித்துத் தேநீர் அறைக்குக் கூட்டிப்போனார். பால் கலந்த தேநீரும், ஒரு பை உருளைக்கிழங்குப் பொரியலும் தந்தார். உன் சித்தப்பாவுக்குக் கண் நல்லது, புத்திதான் காணாது என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுத் தானே சிரித்தார்.

யன்னலால் பார்த்தேன். கம்பத்தடியில் இரண்டு பேரும் நின்றார்கள். சித்தப்பா கோட்டைக் கழற்றி நான்காக மடித்துக் கையில் வைத்துக்கொண்டு, தலையைக் குனிந்தபடி கன நேரம் பேசினார். பிறகு தமையன் குனிந்து பச்சைக் கொடியை எடுத்து, ஒருமுறை வீசிப் பார்த்தார். இப்பிடியோ என்று கேட்கிற மாதிரி. சித்தப்பா தலையாட்டினார். தமையன் இன்னொருமுறை பலமாக வீசினார். எனக்கு மூச்சு வந்தது. நான் சொன்ன பொய் பலித்துவிட்டது.

அடுத்த வருடம் சித்தி வந்தார். அந்தத் தமையன் எனக்கு ஸ்ட்ரெதம் மாமா ஆனார். என் பொய்யால்தான் இந்தக் கலியாணம் நடந்தது என்று நான் நெடுங்காலம் நம்பிக்கொண்டிருந்தேன். ஒருவரிடமும் சொல்லவில்லை. ஆனால் சித்தப்பா வீட்டில் எதற்காகவாவது சிரிப்புச் சத்தம் கேட்டால், அதில் எனக்கும் ஒரு பங்கு உண்டு என்று ஒரு நினைப்பு. சித்தப்பா டொக்டர் இல்லை என்பதைச் சித்தி எப்போது கண்டுபிடித்தார், எப்படிப் பொறுத்துக்கொண்டார் என்பதெல்லாம் நான் கேட்காத கேள்விகள். சித்தப்பா பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். இப்போது வெம்பிளியில் இருக்கிறார்கள்.

மைதானத்தில் இப்போது புதிய அரங்கு கட்டியிருக்கிறார்கள். தகரக் கூரை இல்லை. அயர்லாந்து அணி வரும் ஞாயிறுகளில் சித்தப்பா இன்னும் போவார். போன வருடம் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். திரும்பி வந்து அவர் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, அந்தப் படத்தை நான்தான் எடுத்தேன், பூட்ஸ் விழுந்தது என் பிழை என்று சித்தியிடம் முதன்முறையாகச் சொன்னேன். அதைச் சொல்வதற்கே எனக்கு ஐம்பது வயதாக வேண்டியிருந்தது.

சித்தி சோற்றுக் கையோடு எழுந்தார். “பிழையோ? உந்தப் பூட்ஸைப் பாத்துத்தானே நான் அண்ணையை அனுப்பினனான். டொக்டர் எண்டு எழுதியிருக்கு, கால் முழுக்கச் சேறு. ஆள் ஆரெண்டு ஒருக்காப் போய்ப் பாத்திட்டு வா எண்டு.”

சித்தப்பா தலையை நிமிர்த்தாமல் சோற்றைக் குழைத்துக்கொண்டிருந்தார்.

சித்தி கையைக் கழுவிவிட்டு உள்ளே போய், ஒரு பழைய விமானத் தபால் கடிதத்தைக் கொண்டுவந்து என்னிடம் தந்தார். ஸ்ட்ரெதம் மாமா கொழும்புக்கு எழுதியது. மடிப்புகளில் கிழிந்திருந்தது. இரண்டாம் பக்கத்தில் இருந்தது இதுதான்:

“அவர் டொக்டர் இல்லை. கேக்க முதலே தானாச் சொன்னார். ஆனால் அதுக்கு முதலே எனக்கு மனம் சரிவந்திட்டுது. அந்த வீட்டிலை வாயே திறக்காத ஒரு பெட்டை இருக்கு. வானுக்குள்ளை என்னோடை ஒரு சொல்லுக் கதைக்கேல்லை. அவருக்கு ஒரு இடைஞ்சல் எண்ட உடனை, ஆரும் சொல்லிக் குடுக்காமல், வாயைத் திறந்து ஒரு பொய் சொல்லிச்சுது. அப்பிடிப் பொய்யை நான் என்ரை சீவியத்திலை கேக்கேல்லை. சின்னப் பிள்ளையள் சும்மா ஒருத்தருக்காகப் பொய் சொல்லாதுகள். நீ யோசிக்காதை.”

நான் அதை இரண்டு தரம் வாசித்தேன். சித்தி மோர் வேண்டுமா என்று கேட்டார். வேண்டும் என்று தலையாட்டினேன்.

எனக்கு ஒன்பது வயதாக இருந்த அந்த ஞாயிறு, மைதானத்திலிருந்து திரும்பி வரும்போது சித்தப்பாவும் மாமாவும் நானும் வானின் முன்னிருக்கையில் நெருங்கி இருந்தோம், நான் நடுவில். அவர்கள் என் தலைக்கு மேலால் கிரிக்கெட் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார்கள். இடையிடையே மாமா என்னைப் பார்ப்பதும், அவருக்கு இருமல் வருவதுமாக இருந்தது. பாவம், ஏமாந்த மனுசன் என்று நினைத்துக்கொண்டு, பொரியல் பையின் அடியில் கிடந்த உப்பை விரலால் தொட்டு நக்கிக்கொண்டு வந்தேன்.